ஐடா ஸ்கட்டர் (1870–1960)

ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்த ஐடா சோபியா ஸ்கட்டர், பாட்டனாரும் தந்தையும் மிஷனரி வைத்தியர்களாக வாழ்ந்த குடும்பத்தில் தோன்றியவராயினும், அந்தப் பணி தமக்கு வேண்டவே வேண்டாமென இளமையில் உறுதி பூண்டிருந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய் வந்து நின்ற குழந்தைகளுக்குத் தம் சிறு கையால் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவருக்கு இந்நாட்டின்மீது அச்சத்தையே விளைத்திருந்தது.

அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடா, தாயார் நோயுற்றமையால் 1890-இல் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். அங்கே ஓரிரவில் ஒரு பிராமணரும், பின்னர் ஒரு முஸ்லிமும், அவருக்குப் பின் ஒரு முதலியாரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். தாம் வைத்தியம் கற்றவரல்லர், தந்தையை அழைத்துவருகிறேன் என்று ஐடா கூறியும், அந்நிய ஆடவர் தம் இல்லத்துப் பெண்ணைத் தொடலாகாது என்று மூவருமே மறுத்துச் சென்றனர். உறக்கமின்றிப் பிரார்த்தனையில் கழிந்த அவ்விரவு விடிகையில் சாவுப்பறை கேட்டது. விசாரித்துவரச் சென்ற வேலையாள், மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தியோடு மீண்டான். அன்றே ஐடா, தாம் வைத்தியம் கற்று இங்கேயே வரப்போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

இத்தகைய உள்மாற்றம் முன்னும் நிகழ்ந்ததுண்டு. 1652-இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் ஆலயத்தில் சமயப் போதகர் ஜார்ஜ் ஃபாக்ஸின் சொல்லைக் கேட்டு, வேதவாக்கியங்களை அறிந்தும் அவற்றைத் தம் உள்ளத்தில் உணர்ந்திலமே எனக் கண்ணீர் சொரிந்த மார்கரெட் ஃபெல், குவேக்கர் என்னும் கிறித்தவ இயக்கத்தின் தாய் எனப் பின்னாளில் போற்றப்பட்டார். பிறந்த சமயத்துக்குள்ளேயே நிகழும் அத்தகைய மனமாற்றமே ஐடாவுக்கும் வாய்த்தது. ஆயின் அவரை விழிக்கச் செய்தது எந்தப் பிரசங்கமும் அன்று, காப்பாற்றியிருக்கக்கூடிய மூன்று உயிர்களின் இழப்பே. சித்தாந்தத்தினும் இவ்வகை விழிப்பே ஆழமானது என்பதில் ஐயமில்லை.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், நியூயார்க் தனவந்தர் ஷெல், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தார். ஒருவரே எத்தனை பிரசவம் பார்க்க இயலும் என்ற கேள்வி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக உருவெடுத்தது. அப்பள்ளி 1932-இல் மலைகள் சூழ்ந்த பாகாயத்துக்குப் பெயர்ந்தது; 1947 முதல் ஆடவரும் அங்கே மாணவராயினர். ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார்.