பங்குப் பதிவேடும் மறைந்திருந்த உடைமையாளரும்

பிரித்தானியாவிற் கம்பனிகளைப் பதியும் முறை 1844இல் ஏற்பட்டது. 1855ஆம் ஆண்டுச் சட்டம் பங்குதாரரின் பொறுப்பை வரையறுத்தது. கம்பனி வீழ்ந்தால் இழப்பு கடன்கொடுத்தோரையும் தொழிலாளரையும் சேருமாதலின், பங்குதாரரின் பெயரை ஊரறியச் செய்தல் அச்சலுகைக்கான விலை என நாம் கொள்ளலாம். 1862ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின்படி, ஒரு சிலிங்குக்கு மேற்படாத கட்டணஞ் செலுத்தி எவரும் பங்குதாரர் பதிவேட்டைப் பார்வையிடலாம். இதனைத் தாராண்மைவாதத்தின் கொடையெனப் போற்றுவோர் அதே சட்டத்தின் 30ஆம் பிரிவைப் படிப்பதில்லைப் போலும். நம்பிக்கைப் பொறுப்பு எதனையும் இங்கிலாந்துப் பதிவேட்டிற் குறித்தலாகாது என்கிறது அப்பிரிவு. பிறருக்காகப் பங்கினை வைத்திருப்பவரின் பெயர் ஏட்டில் இருக்கும். இலாபம் ஈற்றில் யாரைச் சேர்கிறது என்பது இராது. 1975இல் தேசியமயமாகும்வரை நமது மலையகத் தோட்டங்கள் பலவற்றை உடைமையாகக் கொண்டிருந்த ஸ்டேர்லிங் கம்பனிகளும் இச்சட்ட மரபின்கீழ்ப் பதியப்பட்டவையே.

நூற்றுக்கு 25க்கு மேற்பட்ட பங்கினையோ வாக்கினையோ கட்டுப்படுத்துவோரின் பெயர்கள், எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்க திறந்த தரவாக அங்கு வெளிவந்தது 2016இலேயே. ஆயின் 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அவ்வொன்றிய நாடுகளில் இத்தகைய விபரங்களைப் பொதுமக்கள் யாவருக்கும் திறந்துவிட்ட விதியை, உடைமையாளரின் தனிவாழ்வுரிமையைக் காட்டிச் செல்லாததாக்கியது. வரையறுத்த பொறுப்பு என்ற சலுகையைப் பற்றி அவ்வழக்கில் எவரும் வினா எழுப்பவில்லை.