மன்னார் வீதியில் ஒரு பியூகிள் ஓசை

கடந்த பெப்ரவரியில் மன்னாருக்குச் சென்றிருந்தேன். பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைந்த பேருந்து வீதியோரமாக நிறுத்தப்பட்டது. ஏதோ ஒரு பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஒத்திகை. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வாத்தியங்களுடன் கடந்து சென்றார்கள். பொறுமையிழந்த சாரதி ஹோர்ன் அடித்தார். எனக்கோ, இருக்கையில் இருந்தபடியே இடது கால் அசையத் தொடங்கிவிட்டது.

1981 முதல் 1984 வரை, அந்நகரில் நான் கற்ற பாடசாலையின் வாத்திய அணியில் பியூகிள் ஊதியவன் நான். சிறிய றம் ஆறு, பியூகிள் நான்கு, ஒரு சோடி கைத்தாளம், ஒரு பெரிய றம். இவ்வளவுதான் எங்கள் படைபலம். விழாவுக்கு முதல்நாள் மாலை முழுவதும் பிராசோ போட்டுத் தேய்ப்போம். பித்தளையில் எங்கள் முகம் தெரிந்தால்தான் ஆசிரியர் வீட்டுக்குப் போகவிடுவார்.

'பியூகிள்' என்ற சொல்லின் வேர் இளம் காளையைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். ஆதியில் அது மாட்டுக் கொம்பு. நம்மவர்களும் ஊதும் கருவிக்குக் கொம்பு என்றே பெயரிட்டார்கள். வேட்டைக்காரர் கையிலிருந்த அக்கருவி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளுக்குள் புகுந்து, பிரித்தானியர் சென்ற இடமெல்லாம் சென்றது. இலங்கையில், பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அகடமியில் 1881இல் மாணவர் படையணி தொடங்கியது. மிசனரிப் பாடசாலைகளின் அணிநடைக்கும் வாத்தியத்துக்கும் பின்னால் இந்தப் படைமுகாம் மரபுதான் இருக்கிறது. அமெரிக்காவிலோ, முதலாம் உலகப் போரின் பின் எஞ்சிய பியூகிள்களையும் முரசுகளையும் முன்னாள் படைவீரர்கள் எடுத்துக்கொண்டு ஊர்தோறும் அணி அமைத்தார்கள். 1972 முதல் அங்கே அதற்கெனத் தேசிய அளவிலான பெரும் போட்டியே நடக்கிறது.

பியூகிளில் துளை இல்லை, அழுத்தும் கட்டை இல்லை. உதடும் மூச்சும்தான். அழைப்பொலிகளுக்குப் பயன்படுபவை ஐந்தே ஒலிகள். நம் முறையில் சொன்னால் கீழே ஒரு சட்ஜம், ஒரு பஞ்சமம். மேலே சட்ஜம், காந்தாரம், பஞ்சமம். ரிஷபமும் மத்திமமும் தேடுபவர் ஏமாறுவார். அதில் சினிமாப் பாட்டு வாசிக்க முயன்று நாங்கள் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஆனால் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில், போரில் மாண்டோருக்காக 1928 முதல் மாலைதோறும் ஊதப்படும் இறுதி வணக்க ஒலிக்கு இந்த ஐந்தே போதுமானதாக இருக்கிறது. ஜெர்மானியர் அந்நகரைப் பிடித்து வைத்திருந்த ஆண்டுகளில் மட்டும் அது அங்கே ஒலிக்கவில்லை.

கூட்டத்தின் பார்வை பியூகிள்காரர்கள் மீதுதான் விழும். உண்மையில் அணியை நடத்துவது பெரிய றம். படைமுறைப்படி நிமிடத்துக்கு 120 எட்டு, ஓர் எட்டு 30 அங்குலம். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 100 யார். அந்தக் கணக்கைக் காப்பது பெரிய றம்மின் அடி. இடது கால் மண்ணில் படும் கணத்தில் அது விழவேண்டும்.

எங்கள் பெரிய றம்மை அடித்தவன் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் நண்பன். 1983 ஜூனில் பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை நடந்தது. நோன்பு காலம். மன்னார் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உதடு காய்ந்தால் பியூகிள் பேசாது. நாங்கள் நால்வரும் அவனுக்குத் தெரியாமல் பைப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்போம். மூன்றாம் நாள் அவன் சொன்னான்: "ஒளிக்காமல் குடிச்சுப்போட்டு வந்து ஊதுங்கடா. சத்தம் கேக்கச் சகிக்கேல்ல."

அடுத்த மாதம் ஜூலைக் கலவரம். 1984 டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் பொதுமக்கள் பலர் படையினரால் கொல்லப்பட்டார்கள். சீருடை அணிந்து, தாளம் தவறாமல் வீதியில் நடப்பது வேறு பொருள் கொள்ளத் தொடங்கியிருந்தது. வாத்தியங்கள் அலுமாரிக்குள் போயின. பாடசாலையை விட்டு விலகும்போது நண்பன் பெரிய றம்மின் அடிகோலை நினைவாகக் கேட்டு வாங்கிச் சென்றான்.

1990 ஒக்டோபரில் நான் கொழும்பில், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்தபடி, ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தேன். அம்மாத இறுதியில் வட மாகாணத்தின் முஸ்லிம்களை, 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவினர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அச்செய்தியின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. எருக்கலம்பிட்டி என்பது 'எருக்கலம்பட்டி' என்றிருந்தது. 'பி'யைத் திருத்தி, ஓரத்தில் குறியிட்டு, அடுத்த பந்திக்குப் போனேன். நண்பனின் முகம் நினைவுக்கு வந்தது வீடு திரும்பும் வழியில்தான். விசாரித்துக் கடிதம் எழுத வேண்டும் என்று எண்ணினேன். எழுதவில்லை.

போர் முடிந்த பின் அங்கே பலதும் திரும்பி வந்தன. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015இல் மீண்டும் தலைமன்னார் வரை ஓடியது. முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். நண்பன் புத்தளத்தில் பாதி, ஊரில் பாதி என்று வாழ்கிறான்.

இம்முறை அவனைத் தேடிப் போனேன். பெரிய றம் போலவே வயிறு வைத்திருக்கிறான் என்றேன், சிரித்தான். பேச்சுக்கிடையே அந்த அடிகோல் என்னவாயிற்று என்று கேட்டுவிட்டேன்.

"நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில கூரையில்ல, கதவில்ல, நிலையில்ல. நீ கோலைக் கேக்கிறாய், மச்சான்."

தேநீர் வந்தது. குடித்து முடித்து எழுந்தபோது, மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவனே வீதிவரை கூட வந்தான். கொழும்பில் நான் திருத்திய அந்த ஓர் எழுத்தைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.