வட்டு ஒத்திசைவு (தரவுத்தளம்)

தரவுத்தளங்களில் வட்டு ஒத்திசைவு என்பது, நினைவகத்தில் உள்ள தரவை வன்தட்டில் நிலையாக எழுதி முடிக்குமாறு தரவுத்தளம் இயங்குதளத்திடம் கோரும் செயற்பாடு ஆகும். ஒரு பரிமாற்றம் நிறைவேறியதாகப் பயனருக்கு அறிவிக்கப்பட்ட பின் மின்சாரம் தடைப்பட்டாலும் அது அழியாதிருப்பது இதனைச் சார்ந்தது. இதற்கான கட்டளைகள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுவதால், பாதுகாப்பான இயல்பிருப்பு அமைப்பைத் தெரிவுசெய்வது எளிதன்று. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

வேகம் கருதி, இயங்குதளம் தரவை முதலில் தன் பதுக்கு நினைவகத்தில் வைத்திருக்கும். வன்தட்டுக்கும் தனியான பதுக்கு நினைவகம் உண்டு. இவ்விரண்டையும் கடந்த பின்னரே தரவு பாதுகாப்பு அடைகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மாற்றங்களை முதலில் முன்னெழுது பதிகையில் எழுதி, அப்பதிகையை ஒத்திசைக்கிறது. மின்தடைக்குப் பின் இப்பதிகையிலிருந்தே தரவுத்தளம் மீட்கப்படும்.

இயங்குதள வேறுபாடுகள்

* லினக்ஸ்: எஃப்டேட்டாசிங்க் முறை இயல்பிருப்பாகும். 2010 இல் லினக்ஸில் ஏற்பட்ட மாற்றத்தால் ஓப்பன்_டேட்டாசிங்க் முறை தானாகத் தெரிவாகும் நிலை உருவானது. அம்முறை வேகக் குறைவையும், சில கோப்பு முறைமை அமைப்புகளில் பிழையையும் தந்தது. எனவே 2010 டிசம்பரில் வெளியான 9.0.2 பதிப்பில் எஃப்டேட்டாசிங்க் முறையே நிலைநிறுத்தப்பட்டது.
* மாக் ஓஎஸ்: எஃப்சிங்க் கட்டளை தரவை வன்தட்டிடம் ஒப்படைக்குமே தவிர, அதன் பதுக்கு நினைவகத்தைக் காலி செய்வதில்லை. அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்னும் தனிக்கட்டளை உண்டு. இதனைப் பயன்படுத்தும் எஃப்சிங்க்_ரைட்த்ரூ முறை இயல்பிருப்பு அன்று. பயனரே தெரிவுசெய்தல் வேண்டும்.
* விண்டோஸ்: ஓப்பன்_டேட்டாசிங்க் இயல்பிருப்பாகும். இதில் வன்தட்டின் எழுது பதுக்கத்தை நிறுத்திவைத்தல் வேண்டும். அல்லது எஃப்சிங்க் முறைக்கு மாறுதல் வேண்டும்.

வேகமும் பாதுகாப்பும்

ஒத்திசைவு முறைகளின் வேகத்தை ஒப்பிட பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்னும் கருவி உள்ளது. ஒரு முறை வழக்கத்துக்கு மாறாக மிக வேகமாக இருப்பின், தரவு உண்மையில் வட்டை அடையவில்லை என ஐயுறலாம்.

எஃப்சிங்க் அமைப்பை நிறுத்தினால், மின்தடையின்போது தரவுத்தளம் முழுவதுமே சிதையக்கூடும். சிங்க்ரனஸ்_கமிட் அமைப்பை நிறுத்தினாலோ, இறுதியாக நிகழ்ந்த சில பரிமாற்றங்கள் மட்டுமே இழக்கப்படலாம், தரவுத்தளம் சிதைவதில்லை. ஆகவே வேகம் தேவைப்படுவோருக்கு இரண்டாவதே ஏற்றது.

ஒத்திசைவுத் தோல்வி

எழுதும்போது பிழை நேர்ந்தால், லினக்ஸில் எஃப்சிங்க் கட்டளையை மீண்டும் இடுவது பயன் தராது என்பது 2018 இல் பரவலாக அறியப்பட்டது. தரவு எழுதப்படாத நிலையிலும் இரண்டாம் கட்டளை வெற்றி எனத் தெரிவிக்கக்கூடும். 2019 பெப்ரவரி வெளியீடுகள் முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல், அவ்வாறான பிழை நேர்ந்தால் இயக்கத்தை நிறுத்தி, முன்னெழுது பதிகையிலிருந்து தரவை மீட்கிறது.

இவற்றையும் பார்க்க

* தரவுத்தள மேலாண்மை முறைமை
* கோப்பு முறைமை
* பதுக்கு நினைவகம்