நீர், ஓய்வு, நிழல்: சிறுநீரகக் காப்பு அறிவுரையும் ஒரு கனடியச் சோதனையின் எல்லையும்

2018 மே மாதம் 'ஜாமா' இதழில் வெளிவந்த ஒரு கனடியச் சோதனைக்குப் பின், சிறுநீரக நலம் பற்றிய எழுத்துகளில் ஒரு முடிவு வேரூன்றிவருகிறது. கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதால் சிறுநீரகத்துக்குப் பயன் இல்லை என்பது சோதனையால் உறுதியாகிவிட்டது. ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்தம், உப்பு, புகையிலை ஆகியவற்றோடு தண்ணீரையும் சேர்த்துச் சொல்வது வெறும் வழக்கம் என்கிறது அம்முடிவு. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. சோதனையின் தரத்தில் எனக்கு ஐயம் இல்லை. தான் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அது நேர்மையாகவே விடை சொல்லியிருக்கிறது. அந்த விடையை அது எடுத்துக்கொள்ளாத வேறொரு கேள்விக்கும் பொருத்தியவர்கள் அதைப் படித்தவர்கள். அப்படிப் பொருத்தியதால் மிகுதியாக இழப்பவர்கள் வெயிலில் உழைப்பவர்கள்.

சோதனை சொன்னதும் சொல்லாததும்

ஒன்டாரியோ மாகாணத்தின் 9 மருத்துவ மையங்களில் 2013 முதல் 2017 வரை இச்சோதனை நடந்தது. நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டத்தில் இருந்தவர்களும், சிறுநீரில் அல்புமின் கசிந்தவர்களுமான 631 பேர் இரு குழுக்களாகச் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். அவர்களுடைய சராசரி வயது 65. ஒரு குழுவினர் உடல் எடைக்கும் பாலினத்துக்கும் ஏற்ப நாளொன்றுக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். மற்றவர்கள் வழக்கம்போலவே குடித்தனர். ஓராண்டு முடிவில் வடிகட்டும் திறனின் மதிப்பீடு கூடுதலாகக் குடித்தவர்களிடம் 2.2 அலகும் மற்றவர்களிடம் 1.9 அலகும் குறைந்திருந்தது. 0.3 என்ற வேறுபாட்டுக்குப் புள்ளியியல் பொருள் இல்லை. மறுப்பவர்கள் சுட்டுவது இந்த ஓர் எண்ணைத்தான்.

அவர்கள் சுட்டாமல் விடுவது அதையடுத்து நிற்கும் நம்பக இடைவெளியை. அது −1.8 தொடங்கி +1.2 வரை விரிகிறது. வழக்கம்போலக் குடித்தவர்கள் ஓராண்டில் இழந்தது 1.9 அலகு. அந்த இழப்பில் 1.2 அலகு வரை தண்ணீர் காத்திருக்கலாம் என்ற வாய்ப்பை இச்சோதனை விலக்கவில்லை. அதாவது ஆண்டு இழப்பில் பாதிக்கு மேல் தடுக்கப்பட்டிருந்தாலும் இந்த அளவுள்ள சோதனையின் கண்ணில் அது படாமல் போயிருக்கக்கூடும். மறுபக்கத்தில் தீங்கு நேர்ந்திருக்கும் வாய்ப்பையும் அது விலக்கவில்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. பயன் நிறுவப்படவில்லை என்பது வேறு, பயன் இல்லை என்று நிறுவப்பட்டது என்பது வேறு. மருத்துவப் புள்ளியியலின் இந்தப் பாலபாடம் தண்ணீர் விஷயத்தில் மட்டும் எளிதாக மறக்கப்படுகிறது. சோதனை நீடித்ததும் ஓராண்டுதான். பல்லாண்டுகளில் மெல்லத் தேயும் உறுப்பின் கதையை முடித்துவைக்க அது போதாது.

அடுத்து, உண்மையில் எவ்வளவு தண்ணீர் கூடியது என்று பார்க்க வேண்டும். அறிவுரை 1 முதல் 1.5 லிட்டர். ஆனால் 24 மணி நேரச் சிறுநீரில் இரு குழுக்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு 0.6 லிட்டர் மட்டுமே. சோதனையில் சேரும்போதே இவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 2 லிட்டரை நெருங்கும் அளவு சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தவர்கள். பொதுவாக இவர்கள் உடல் நீர் வறண்ட மனிதர்கள் அல்லர். போதிய அளவு குடிப்பவர்கள் இன்னும் சற்று அதிகம் குடித்தால் என்ன ஆகும் என்பதுதான் அது எடுத்துக்கொண்ட கேள்வி. நாள் முழுதும் போதாமல் குடிப்பவர்கள் போதிய அளவு குடித்தால் என்ன ஆகும் என்பதை அது கேட்கவில்லை. நிரம்பிய குளத்தில் நான்கு குடம் ஊற்றிப் பார்த்துவிட்டு, மழையால் வயலுக்குப் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

என் வாதத்துக்குச் சாதகமாகத் தோன்றும் ஒரு முடிவும் இச்சோதனையில் உண்டு. சிறுநீரைச் சேகரித்து அளந்த கிரியேட்டினின் வெளியேற்றம் கூடுதலாகக் குடித்தவர்களிடம் 3.6 அலகு மேலாக இருந்தது. அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. அதிகச் சிறுநீர் கழிப்பவர்கள் சேகரிப்பைக் கூடுதல் முழுமையுடன் செய்திருக்கலாம் என்ற எளிய விளக்கமே அதற்குப் போதும். சாதகமான எண்ணுக்கு ஓர் அளவுகோல், பாதகமான எண்ணுக்கு இன்னோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் கோபெப்டின் பற்றியது. தண்ணீர் காக்கிறது என்ற கருதுகோளின் நடுவில் நிற்பது வாசோபிரெசின் என்னும் இயக்குநீர். உடலில் நீர் குறையும்போது அது சுரந்து, நீரைச் சேமிக்கும்படி சிறுநீரகத்தை ஏவுகிறது. அந்த ஏவல் நாள்தோறும் நீடித்தால் வடிகட்டிகளுக்குச் சுமை கூடும் என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. வாசோபிரெசின் சுரப்பின் அடையாளம் கோபெப்டின். கனடியச் சோதனையில் அது குறையத்தான் செய்தது. நெம்புகோல் அசைந்தும் பாறை நகரவில்லையே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அசைவு சிறிது: இரு குழுக்களுக்கும் இடையே லிட்டருக்கு 2.2 பிகோமோல். மேலும், கடும் வெயிலில் உழைப்பவரின் சிறுநீரகத்தைத் தாக்குவது வாசோபிரெசின் ஒன்று மட்டும் அல்ல. உடல் வெப்பம் ஏறுகிறது. இரத்தம் தோலுக்கும் தசைக்கும் திரும்புவதால் சிறுநீரகத்துக்குச் செல்லும் ஓட்டம் குறைகிறது. கடும் உழைப்பில் தசைச் சிதைவும் யூரிக் அமிலமும் கூடுகின்றன. இவை ஒவ்வொரு வேலை நாளிலும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. 65 வயதில் ஒன்டாரியோவில் ஓய்வாக வாழ்பவரின் உடலில் இத்தாக்குதல்களில் எதுவும் நிகழ்வதில்லை.

பரம்பரைப் பன்னீர்க்கட்டிச் சிறுநீரக நோய் உள்ள 184 பேரிடம் ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு நடந்த சோதனையிலும் கூடுதல் தண்ணீர் பயன் தரவில்லை என்பார்கள். அது மரபணு நோய். அதை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. ஆனால் சிறுநீர்க் கல் விஷயத்தில் எதிர்த்திசையிலும் வலுவான சோதனை உண்டு. 1996இல் இத்தாலியர்கள் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வில், முதன்முறை கல் வந்த 199 பேரில் அதிகம் குடித்தவர்களிடம் 12 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களிடம் 27 விழுக்காட்டினருக்கும் கல் மீண்டும் வந்தது. தண்ணீர் எல்லா இடத்திலும் பயனற்றது என்ற பொது முடிவு இந்த ஒரு சான்றின் முன்பே நிற்காது.

வெயிலின் சான்று

கேட்கப்படாத கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள். சர்க்கரை நோயோ முன்பே இருந்த இரத்த அழுத்தமோ காரணமாகக் காட்ட முடியாத சிறுநீரகச் செயலிழப்பு அங்கே இளம் வெட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுபோயிற்று. எல் சால்வடாரிலிருந்து 2002இல் வந்த அறிக்கைதான் அதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே பின்னர் தொடங்கிய முயற்சி நீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒன்றாகத் தந்தது. முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, கட்டாய இடைவேளை, கொண்டுசெல்லத்தக்க நிழற்கூடாரம் ஆகியவை அதில் அடங்கின. தொழிலாளர்கள் குடித்த தண்ணீர் நாளொன்றுக்கு 5.1 லிட்டரிலிருந்து 6.3 லிட்டராக உயர்ந்தது. ஆளுக்கு வெட்டிய கரும்பும் 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாகக் கூடியது.

இந்த எண்களில் தண்ணீர் ஆதரவாளர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. முயற்சி தொடங்கும் முன்பே இவர்கள் 5 லிட்டர் குடித்துக்கொண்டிருந்தவர்கள். அப்படியிருந்தும் சிறுநீரகங்கள் கெட்டுக்கொண்டுதான் இருந்தன. எனவே தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும் என்ற வாதமும் நிற்காது. நிகரகுவாவின் சான் அந்தோனியோ சர்க்கரை ஆலையில் 2018–19 அறுவடையில் ஓய்வு இடைவேளைகளும் நிழலும் கூட்டப்பட்டன. முந்தைய அறுவடையோடு ஒப்பிட, எரித்த கரும்பை வெட்டுவோரிடம் புதிதாக ஏற்பட்ட சிறுநீரகப் பாதிப்பு ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. இது சமவாய்ப்புச் சோதனை அல்ல. இரண்டு பருவங்களின் ஒப்பீடு. ஒரு பருவத்தின் வெப்பம் மற்றதைப் போல இருக்காது என்பதும் மெய். ஆயினும் இத்தகைய ஆபத்தின் முன் தொழிலாளர்களைக் குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்கு நிழலை மறுப்பது அறமாகாது. இருக்கும் சான்றில் சிறந்தது இதுவே.

வேளாண் வேதிப்பொருள்களும் நிலத்தடி நீரின் தன்மையும்தான் காரணம் என்று இலங்கையின் வடமத்திய மாகாண அனுபவத்தைக் காட்டுவோர் உண்டு. அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் அது உண்மையானால் நிழலும் ஓய்வும் தேவையற்றவை ஆகிவிடுமா? அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கச் சொல்வதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

நம் கரையில் இச்சான்று நேராகப் பொருந்தும் இடம் உப்பளம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் மரம் நிற்காத உவர் மண்ணில், மேலே வெயிலும் கீழே வெண்ணுப்பின் எதிரொளியும் காயும் பாத்திகளில் வேலை நடக்கிறது. தமிழ்நாட்டின் உப்பளங்களில் நடந்த ஆய்வுகள், தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேலே உழைப்பதைக் காட்டியுள்ளன. கழிப்பறை இல்லாத அளத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது தற்செயல் அல்ல; வேறு வழி இல்லாததால் செய்வது. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற வாசகத்தை அவர்களிடம் சொல்வது, இல்லாத கழிப்பறைக்கு வழி சொல்வதாகும். உடம்பு வலிக்கு வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பல, நீர் வறண்ட உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பழக்கம் யாருடையது

உலகச் சிறுநீரக நாள் பரப்பிவரும் எட்டுப் பொன்விதிகளில் போதிய நீர் அருந்துதலும் வலி மாத்திரைகளைத் தவிர்த்தலும் உண்டு. விதிகள் சரி. அவை அனைத்தும் தனி மனிதனை நோக்கிப் பேசுகின்றன. கையில் நேரமும் அருகில் குழாயும் கழிப்பறையும் உள்ளவருக்கே அவை பழக்கமாக முடியும். வேலையின் அளவைப் பொறுத்துக் கூலி அமையும் இடத்தில் ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் ஒவ்வொரு நிமிட நிழலுக்கும் விலை உண்டு. கனடியச் சோதனையை மறுப்பாகக் கொண்டவர்களும் அதை மறுத்தவர்களும் ஒரே இடத்தில் தவறினர்: தண்ணீரை அதைக் குடிப்பதற்கான சூழலிலிருந்து பிரித்து எடுத்தார்கள்.

இதய நோயாளிக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் நீர் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் முதியவர் தாகத்துக்குக் குடித்தால் போதும் என்பதற்குக் கனடியச் சோதனையை மேற்கோள் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெயிலில் உழைப்பவரிடம் அதே மேற்கோளை நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

தமிழ்நாடு 2021இல் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நாள் முழுதும் நின்றவரின் உடலைச் சட்டம் கண்டுகொண்டது என்றால், வெயிலில் நின்றவரின் சிறுநீரகத்தையும் கண்டுகொள்ள முடியும். கூலி குறையாத நிழல் இடைவேளை, அளத்தருகே தண்ணீர், பூட்டிக்கொள்ளக்கூடிய கழிப்பறை ஆகிய மூன்றும் சேர்ந்தே சோதிக்கப்பட வேண்டும். சேர்ந்தே கேட்கப்படவும் வேண்டும். உப்புப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தொழிலாளர்களின் கிரியேட்டினினை அளந்தாலே, ஒன்டாரியோவில் கேட்கப்படாத கேள்விக்கு நம் கரையிலிருந்து விடை வரும்.