ரிப்பன் மாளிகையில் ஒரு தறிக்காரர்

ரிப்பன் மாளிகை வளாகத்தில் சிலையாக நிற்பவரைப் பலரும் கட்சித் தலைவராகத்தான் அறிவார்கள். நீதிக்கட்சியைத் தோற்றுவித்த மூவரில் ஒருவர், வெள்ளுடை வேந்தர், சர் பிட்டி தியாகராயர். கட்சிக்குக் கிடைத்தவை அவருடைய கடைசி எட்டொன்பது ஆண்டுகள்தான். சென்னை மாநகராட்சிக்கோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். ஆகவே மாநகராட்சி மன்றத்தின் வரலாற்றில் அவருக்குரிய இடம் தனியானது.

1852-ல் தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தார் தியாகராயர். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகம் அது. 1876-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அன்றைக்கு அந்தப் பட்டத்துக்குக் கச்சேரி உத்தியோகம் காத்திருந்தது. அவரோ வண்ணாரப்பேட்டைக்கும் குடும்பத் தொழிலுக்கும் திரும்பினார். அவருடைய நெசவுச் சாலையில் ஏறத்தாழ நூறு தறிகள் ஓடின. மான்செஸ்டர் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய துறைமுகம், அந்தத் தறிகளுக்குக் கூப்பிடு தூரம்தான். நூல் விலை, கூலி, சரக்கு தேங்கினால் வட்டி என்று தினமும் கணக்குப் பார்த்தே தீரவேண்டிய தொழில். அந்தக் கணக்குப் புத்தியோடுதான் அவர் நகரசபைக்குள் வந்தார் என்பது என் எண்ணம்.

அவர் உறுப்பினரானது 1882-ல். அக்காலத்து நகர ஆட்சியில் வாக்குரிமையே வரி கட்டியவர்க்குத்தான். வரி கட்டியவர்களில் பெரும்பகுதி வீட்டுச் சொந்தக்காரர்களும் வியாபாரிகளும். செங்குன்றத்து ஏரித் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, ஒவ்வொன்றிலும் வரியும் செலவும் மோதிக்கொள்ளும். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் திறக்கப்படும் வரை வடிகட்டிய குடிநீர் என்பது நகரத்தாருக்குப் பேச்சளவில் இருந்த சங்கதிதான். தலைவர் நாற்காலியில் அமர்ந்ததோ அரசாங்கம் நியமித்த அதிகாரி.

இதற்கிடையே 1909-ல் தென்னிந்திய வர்த்தகச் சங்கம் உருவானது. ஐரோப்பிய வணிகர்களுக்கு அதற்கு முன்பே தனிச் சங்கம் இருந்தது. இந்திய வணிகர்களுக்கென்று எழுந்த இச்சங்கத்துக்கு முதல் தலைவர் தியாகராயர். தறிக்காரருக்கு நகரத்து வியாபாரிகள் தலைமை கொடுத்தது சாதாரண விஷயமன்று.

மன்றத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவர் டாக்டர் டி.எம். நாயர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் குளம் பற்றிய விவகாரத்தில் இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள்.   இந்தப் பகையைத் தீர்த்து இருவரையும் ஒரே மேடையில் ஏற்றியவர், கட்சியைத் தோற்றுவித்த மூவரில் மற்றவரான டாக்டர் நடேசனார். 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அடுத்த மாதமே பிராமணரல்லாதார் அறிக்கை தியாகராயர் பெயரில் வெளிவந்தது. ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகை 1917 பிப்ரவரியில் தொடங்க, அந்தப் பெயரே சங்கத்துக்கும் ஒட்டிக்கொண்டு அது நீதிக்கட்சி ஆனது. குளத்தங்கரைச் சண்டை முடியாமல் இருந்திருந்தால் மாகாண அரசியல் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1919-ஆம் ஆண்டின் சென்னை நகராட்சிச் சட்டம் மன்றத்தின் அமைப்பையே மாற்றியது. நிர்வாகம் ஆணையர் கையில். தலைவரை இனி உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். முப்பத்தேழு ஆண்டு அனுபவமுள்ள தியாகராயர், அதிகாரியல்லாத முதல் தலைவரானார். 1922 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்த மூன்றாண்டில் நடந்தவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதால் வருகை குறைகிறது என்பதையே தலைவர் காரணமாக எடுத்துவைத்தார். பசித்த பிள்ளை மீது இரக்கம் வைக்க எல்லோராலும் முடியும். அந்த இரக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டு, வரி கட்டுகிறவன் முன்னால் வைத்துத் தீர்மானமாக்கத்தான் வியாபாரி வேண்டியிருந்தார். தொடக்கத்தில் 165 பிள்ளைகள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்றால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்றே மேல். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-ல் 1,671 ஆனது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு! தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. அதே மாதம் தியாகராயரும் மறைந்தார். 1927-ல் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கென்று அது திரும்பவும் உயிர்பெற்றது.

சிற்றுண்டித் தீர்மானம் நிறைவேறிய மூன்றாவது மாதம், டிசம்பர் 1920. மாகாணச் சட்டமன்றத்துக்கான முதல் பொதுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வில்லிங்டன் முதல் அமைச்சர் பதவிக்குத் தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார், அவருக்குப் பின் பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கட்சித் தலைவராகவும் நகரத் தலைவராகவும் இருந்தபடியே இருந்தார்.

போற்றி எழுதுகிறோம் என்பதற்காக ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. 1921-ல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் கலவரமாக வெடித்தது. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டியதே காரணம் என்று நீதிக்கட்சித் தரப்பு சாடியது. ஓரணாச் சிற்றுண்டியில் தெரிந்த பார்வை இங்கே மங்கிப்போனது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923-ல் கட்சியை விட்டு விலகியதற்கு இந்தக் கசப்பும் காரணம்.

1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். வழக்கமான வெள்ளை உடையிலேயே வரவேற்க ஆளுநர் தியாகராயருக்கு அனுமதி தந்தார் என்று சொல்வார்கள். ‘வெள்ளுடை வேந்தர்’ என்ற பட்டப்பெயரின் கதை அது. ஒத்துழையாமை இயக்கத்தின் ஹர்த்தால் நடந்த அதே வேளையில் ஒரு கூட்டம் அவர் வீட்டை முற்றுகையிட்டது. சுதேசித் துணி நெய்தவரின் வீட்டைச் சுதேசியம் பேசிய கூட்டம் சூழ்ந்துகொண்டது அரசியலின் விசித்திரம்.

மாம்பலத்தை ஒட்டிய நீண்ட ஏரியைத் தூர்த்து 1923-லிருந்து உருவான புதுக் குடியிருப்புக்குத் தியாகராயநகர் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, ஒரு பக்கம் நடேசன் பூங்கா, நாயர் பெயரில் ஒரு சாலை. குளத்துக்காகச் சண்டையிட்ட இருவரின் பெயர்களும் ஓர் ஏரி இருந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1933-ல் மாநகராட்சித் தலைவர் பதவி ‘மேயர்’ என்று பெயர் மாறியபோது முதலில் அமர்ந்தவர் ராஜா சர் முத்தையா செட்டியார். அவரும் வணிகக் குடும்பத்தவர்தான்.