பரங்கிமலை வெடியும் நுங்கம்பாக்கத்துக் காதும்

1

தீபாவளிக்கு முந்தின ராத்திரி. அசோக் நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடி. கீழ்வீட்டுப் பெண்ணும் மேலே வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். அசோக் தூண் இருக்கும் திசையில் ஒரு ராக்கெட் ஏறி விரிந்தது. சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

“லைட்டோட வெலாசிட்டி ஜாஸ்திண்ணா. அதான் மொதல்ல வெளிச்சம், அப்புறம் சத்தம்” என்றாள்.

“சரிம்மா. அது எவ்ளோ தூரத்துல வெடிச்சிருக்கும்?”

“அத எப்பிடிச் சொல்றது? தூரம் குடுக்கலியே!”

இந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. காற்றில் ஒலியின் வேகம் அவளுக்குத் தெரியும். பூஜ்யம் டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சூத்திரம் கேள்வித்தாளில் வசிக்கிறது. அசோக் தூணுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தமிழ் எம்.ஏ. படித்த நான் இதில் மூக்கை நுழைப்பது சரியா என்று கேட்கலாம். எந்த அறிவு யார் கையில், எந்த வடிவத்தில் தரப்படுகிறது என்பது வெறும் பௌதிக வாத்தியார் பிரச்சனை அல்ல. அது ஒரு வரலாற்றுப் பிரச்சனை. அந்த வரலாற்றில் ஒரு துண்டு நாங்கள் நின்ற மாடிக்கு மிகப் பக்கத்தில் நடந்திருக்கிறது.

2

1820, 1821ஆம் வருஷங்களில் சென்னையில் ஒலியின் வேகம் அளக்கப்பட்டது. அளந்தவர் ஜான் கோல்டிங்ஹாம், நுங்கம்பாக்கத்தில் இருந்த கம்பெனி வானாய்வுக்கூடத்தின் தலைவர். ஒரு பக்கம் புனித ஜார்ஜ் கோட்டை, இன்னொரு பக்கம் பீரங்கிப்படை தங்கியிருந்த பரங்கிமலை. இரண்டு இடங்களிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுவது வழக்கம். நுங்கம்பாக்கத்தில் இருந்தபடி, வெளிச்சம் தெரிந்த கணத்திலிருந்து சத்தம் காதில் விழும் கணம்வரை குரோனோமீட்டரில் எண்ணினார்கள். அவ்வளவுதான் சோதனை. பரங்கிமலை 29,547 அடி தூரம், அதாவது ஒன்பது கிலோமீட்டர். கோட்டை சுமார் 13,930 அடி. மலையிலிருந்து சத்தம் வந்து சேர ஏறத்தாழ இருபத்தாறு விநாடி பிடிக்கும்.

வரைபடத்தை விரித்துப் பரங்கிமலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது இன்றைய அசோக் தூணுக்குச் சற்றுக் கிழக்கே போகிறது. அன்றைக்கு இங்கே நகர் கிடையாது. கோடம்பாக்கம், புதூர் பக்கத்துக் கிராம நிலம். குடியிருப்பு வந்ததெல்லாம் 1960களில். ஆனால் அந்த வெடிச்சத்தம் சுட்ட பதினோராவது பன்னிரண்டாவது விநாடியில் இந்த இடத்தைத் தாண்டி நுங்கம்பாக்கம் போயிருக்கிறது. இடையில் வயலில் நின்றவர்களும் அதைத் தினமும் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது பொழுதைச் சொல்லும் வெடி. அந்தப் பக்கம் காத்திருந்தவருக்கு அது தரவு. ஒரே சத்தம்தான், கையில் கடிகாரமும், தூரத்தின் அளவும், எழுதி வைக்கும் நோட்டும் இருப்பவருக்கு மட்டும் அது விஞ்ஞானம் ஆகிறது.

தூரம் எப்படித் தெரிந்தது என்பது இங்கே முக்கியம். 1802இல் லாம்டன் தன் பெரும் நில அளவைக்கு அடிக்கோடு அளந்தது பரங்கிமலைப் பக்கத்திலிருந்துதான். நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்து, ஏழரை மைல் நீளம். நிலத்தை அளப்பது வரிக்கும் படை நகர்த்தலுக்கும். ஆக, ஒலியின் வேகத்தை அளந்த அந்தச் சமன்பாட்டில் பீரங்கி, சங்கிலி, கடிகாரம் மூன்றும் அரசதிகாரத்தின் கருவிகள். ‘தூய’ விஞ்ஞானம் என்ற கதையாடல் இந்த மூன்றையும் மறைத்துவிட்டு, கோல்டிங்ஹாமை மட்டும் மேடையில் நிறுத்துகிறது. பீரங்கிக்கு மருந்து கிட்டித்தவன், அதை இழுத்து நிறுத்தியவன் யாரும் அந்த மேடையில் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் சௌகரியமான ஒரு விமர்சனத்தைச் செய்தவர்கள் ஆவோம். கோல்டிங்ஹாமின் முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பிலாசபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழில் வந்தன. அந்தக் கணக்குக்கு அப்போது ஒரு தேவையும் இருந்தது. நியூட்டன் 1687இல் கணக்கிட்டுச் சொன்ன வேகம், நேரில் அளந்ததைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஒலி செல்லும்போது காற்று அமுங்கும் இடத்தில் சூடு ஏறுவதை நியூட்டன் கணக்கில் சேர்க்கவில்லை என்று காட்டி லாப்லாஸ் அதைச் சரிசெய்தது 1816 வாக்கில்தான். வெப்ப நாட்டில், வருஷம் முழுக்க, மாதாமாதம் அளந்த சென்னைக் கணக்கு அந்த நேரத்தில் வருகிறது.

கோல்டிங்ஹாம் தந்த மாதவாரிச் சராசரியைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் விநாடிக்கு 1,100 அடியை ஒட்டி. ஜூலையில் 1,164 அடி. ஒரே ஊர், ஒரே காற்று. அறுபது அடிக்கு மேல் வித்தியாசம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒலி விநாடிக்கு இரண்டு அடி வேகம் கூடும். சென்னையின் ஜனவரிக்கும் ஜூலைக்கும் ஐந்தாறு டிகிரிதான் வேறுபாடு. அந்தக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு அடிதான் ஏற வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது? பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஜூலையில் அடிப்பது தென்மேற்குக் காற்று, மலைச் சத்தத்தைத் தள்ளிக்கொண்டு வரும். டிசம்பரில் வாடை, எதிர்த்து நிற்கும். பாதிக் காரணமாவது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஈரப்பதம் ஓரளவு சேரும், கண்ணும் கையும் செய்யும் பிழையும் சேரும். ஆடிக்காற்றையும் மார்கழி வாடையையும் அறிந்த எந்தக் கிழவியும் இந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்க முடியும். பட்டியல் அவள் கைக்கு வரவில்லை என்பதுதான் விஷயம்.

3

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792ஆம் வருஷத்துக் கருங்கல் தூண் ஒன்று இருக்கிறது. பழைய வானாய்வுக்கூடத்தின் கருவியைத் தாங்கிய தூண். லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயரின் தாராள குணத்தால் ஆசியாவில் கணித சாஸ்திரங்கள் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ‘முதன்முதலாக’ என்ற அந்தச் சொல்லைப் படித்தால் நமக்குக் கோபம் வரும், வரவேண்டும். ஆனால் அந்தக் கோபம் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது? ‘எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது’ என்ற இன்னொரு கல்வெட்டுக்கு.

அதே வானாய்வுக்கூடத்தில் கோல்டிங்ஹாம் இல்லாத இடைக்காலத்தில் பொறுப்பிலிருந்த ஜான் வாரன், 1825இல் வெளிவந்த ‘காலசங்கலித’த்தில் ஒரு சம்பவத்தைப் பதிகிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களின் உதவியால் அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் கிடையாது, எழுதுகோல் கிடையாது. கிரகணம் தொடங்கும் நேரத்தில் நாலு நிமிஷம்தான் பிழை. நடுவில் இருபத்து மூன்று நிமிஷம், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிஷம். பல நூற்றாண்டுக்கு முந்திய வாக்கியங்களை வைத்து இவ்வளவு நெருங்கியது பிரமிப்புதான். ஆனால் தான் போடும் கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். வாரன் பார்வையில் காலனியப் பெருமிதம் இருக்கிறது, சரி. இருந்தாலும் அந்தக் கடைசி ஐம்பத்திரண்டு நிமிஷத்தை நாம் என்ன செய்வது? கணித்த நேரத்துக்கும் வானத்தில் கண்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை எழுதிவைத்து, வாக்கியத்தைத் திருத்தும் வழி அந்தச் சோழிகளின் மரபில் எந்த இடத்தில் அடைபட்டது? அறிவைக் குலச்சொத்தாக வைத்துக் காத்த சாதி அமைப்பை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை, ‘ஆர் ரெட்டிகுலி’, கண்டறிந்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்கள் அதைப் புரிந்துகொண்டு பார்ப்பதற்காக, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். பல இந்திய மொழிகளில் அதைக் கொண்டுபோக முயன்றார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்டு திருத்த வேண்டும் என்பது அவருடைய வாதம். 1880இல் இறந்துபோனார். அவரும் ஒரு பிராமணரே, அந்த வாய்ப்பு எல்லோருக்கும் திறந்த கதவல்ல. ஆனால் ‘பார்த்துத் திருத்து’ என்ற சொல் தூணின் லத்தீனிலும் இல்லை, வாக்கியத்தின் மனப்பாடத்திலும் இல்லை.

ஒலி பற்றியே இன்னொரு கதை. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோலில் நடுவே பூசும் கறுப்புக் கரணை, அதன் ஓசையில் ஒத்திசைந்த மேற்சுரங்களை எழுப்புகிறது என்று 1920இல் சி.வி. ராமன் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சாதாரணத் தோல்வாத்தியத்தில் அது வராது. அருமையான பௌதிகம். ஆனால் எவ்வளவு பூசவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று காதால் கேட்டுக் கேட்டுத் தலைமுறைகளாகத் திருத்தி வந்தவர்கள், மாட்டுத்தோலைத் தொடுவதாலேயே ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ராமன் கண்டுபிடித்தது காரணத்தை; அவர்கள் கண்டுபிடித்தது பொருளை. பாடப்புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

4

மாடிக்குத் திரும்புவோம். “வெளிச்சம் தெரிஞ்ச ஒடனே எண்ண ஆரம்பி. மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர்” என்றேன். அடுத்த வெடிக்கு எண்ணினாள். இரண்டு. அதற்கடுத்தது நாலரை. அப்புறம் கீழே இருந்து அவள் அம்மா கூப்பிடும்வரை எண்ணிக்கொண்டே இருந்தாள். போகும்போது சொன்னாள்:

“எங்க லேப்ல இசைக்கவையத் தட்டி, தண்ணிக் குழாய்ல சவுண்டோட வேகம் கண்டுபிடிப்போம்ணா. ரீடிங் சரியா வரலேன்னா, ஆன்சர் வர்ற மாதிரி மாத்தி எழுதிக்கச் சொல்லுவாங்க.”

பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அது ஒரு பள்ளியின் பழக்கம் அல்ல. நாம் படித்த காலத்திலும் ரெகார்டு நோட்டு இப்படித்தான் நிரம்பியது. விடையை முதலில் எழுதி, அளவீட்டை அதற்குப் பொருத்துவது. இதற்கு நாம் ‘சோதனை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கோல்டிங்ஹாம் ஜனவரியையும் ஜூலையையும் ஒரே எண்ணாக்கி மழுப்பியிருந்தால் காற்றைப் பற்றிய கேள்வியே நமக்கு வந்திருக்காது. காலனிய அதிகாரி ஒருவர் தன் பிழைகளோடு அச்சிட்ட எண்களை, சுதந்திர நாட்டின் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதப் பயப்படுகிறார்கள். அதிகாரம் பீரங்கியில் மட்டும் இருப்பதில்லை. சிவப்பு மையிலும் இருக்கிறது.

1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் ‘துளிர்’ போன்ற சிறுவர் இதழும் இந்தச் சுவரைக் கொஞ்சம் இடித்துப் பார்த்தன. அவற்றின் அனுபவத்தை இடதுசாரி இலக்கியக்காரர்களாகிய நாம் ‘வெகுஜன விஞ்ஞானம்’ என்று ஒதுக்கிவிட்டு, விஞ்ஞானத்தின் வன்முறை பற்றி மொழிபெயர்ப்புக் கட்டுரைகள் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த விமர்சனம் தேவைதான். ஆனால் எண்ணிப் பார்க்கவே அனுமதிக்கப்படாத ஒருத்தியிடம் போய், எண்ணுவதே ஆதிக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் ஒரு நாள் அவள் ஒரு ரஃப் நோட்டைக் காட்டினாள். மின்னல், இடி, நடுவில் எத்தனை விநாடி, என்ன மணி. பதினேழு வரிகள். ஒரு வரியில் மட்டும் ‘சரியா எண்ணல’ என்று எழுதி, அடிக்காமல் அப்படியே விட்டிருந்தாள்.