புர்துகால்: பழமா, நாடா?

பஹ்ரைனின் ஈசா டவுனில் பழக்கடைக்காரரிடம் அரபியில் ஆரஞ்சு கேட்பவர் 'புர்துகால்' என்று சொல்ல வேண்டும். போர்ச்சுகல் நாட்டுக்கும் அரபியில் ஏறக்குறைய அதே பெயர்தான். எழுத்தில் மட்டும் சிறு வேறுபாடு: பழத்துக்கு 'காஃப்', நாட்டுக்கு 'கைன்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'க'வில் அடங்கிவிடும். தீவின் வடகரையில் நிற்கும் பழைய கோட்டைக்கு 'கல்அத் அல்-புர்துகால்' என்றும் பெயர் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்த தமிழர் காதில் அது 'ஆரஞ்சுக் கோட்டை' என்று விழுந்தால் அவர்மேல் குற்றமில்லை.

போர்ச்சுகல் தமிழ்நாட்டைவிடச் சிறியது. பரப்பு சுமார் 92,000 சதுர கிலோமீட்டர். டோரோ ஆற்றின் முகத்துவாரத்தில் ரோமானியர் காலத்தில் இருந்த 'போர்ட்டுஸ் காலே' என்னும் துறைமுகத்தின் பெயரே நாட்டின் பெயரானது. 711இல் ஐபீரியாவுக்குள் நுழைந்த முஸ்லிம் படைகளின் ஆட்சி, நாட்டின் தென்பகுதியில் 1249 வரை நீடித்தது. அப்பகுதிக்கு இன்றும் 'அல்கார்வ்' என்றே பெயர். 'மேற்கு' எனப் பொருள்படும் 'அல்-கர்ப்' என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. போர்ச்சுகலின் பேர்போன ஆரஞ்சுத் தோட்டங்களும் அங்கேதான். லிஸ்பன் வீட்டுச் சுவர்களை அழகுசெய்யும் 'அசுலேஜோ' ஓடுகளின் பெயரும் அரபியிலிருந்து வந்ததே.

அரபியர் மேற்கே கொண்டுபோனது புளிப்பு ஆரஞ்சு. அவர்கள் வாயில் அது 'நாரஞ்ச்'. அதற்கு முந்திய வடிவங்கள் பாரசீக 'நாரங்க்', வடமொழி 'நாரங்க'. வேர் திராவிடச் சொல்லே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நம் ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் நாரத்தை அதன் நெருங்கிய உறவு.

சீனத்தில் தோன்றிய இனிப்பு ஆரஞ்சு 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான் ஐரோப்பாவில் பரவியது. ஜெனோவா வணிகர்களுக்கும் அதில் பங்குண்டு. பேர் வாங்கியது என்னவோ போர்த்துக்கீசியர்தான். துருக்கியில் 'போர்ட்டகால்', கிரேக்கத்தில் 'போர்ட்டொகாலி', பாரசீகத்தில் 'போர்தெகால்'. பாரசீகம் கணக்காகப் பிரித்தும் வைத்திருக்கிறது: புளித்தால் 'நாரஞ்ச்', இனித்தால் 'போர்தெகால்'.

போர்த்துக்கீசியர் 1521இல் பஹ்ரைனைப் பிடித்தார்கள். அந்தப் போரில் தீவின் ஆட்சியாளர் முக்ரின் உயிரிழந்தார். 1602இல் பாரசீகர் அவர்களை வெளியேற்றினர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கோட்டை, தில்முன் என்னும் பண்டைய நாகரிகக் காலத்து மண்மேட்டின் மேல் நிற்கிறது. பழத்தின் பெயர் கோட்டையிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது; போர்த்துக்கீசியர் ஆளாத எகிப்திலும் அதே பெயர்தான்.

கொண்டுவந்தவர் பெயரைப் பொருளுக்குச் சூட்டுவதைத் தமிழரும் செய்தவர்கள். 'பிராங்க்' என்ற இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக வந்து 'பறங்கி' ஆனது. பறங்கியரான போர்த்துக்கீசியர் காலத்தில் வந்த அமெரிக்கக் காய்க்கு 'பறங்கிக்காய்' என்று பெயர் வைத்தோம். அவர்களிடம் வாங்கிய ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவற்றை மட்டும் அவர்கள் மொழிப் பெயரோடே வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். இலங்கைத் தமிழர் 'பாண்' என்று ரொட்டி கேட்பதும் அந்தக் கணக்கில் சேரும். இனிப்பு ஆரஞ்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தோடம்பழம்'. அதில் போர்ச்சுகலுக்குப் பங்கில்லை.

லிஸ்பன் சந்தையில் போய் 'புர்துகால்' கேட்டால் பழம் கிடைக்காது. அங்கே அதற்குப் பெயர் 'லரான்ஜா': நாரத்தையின் உறவான அதே 'நாரஞ்ச்', முன்னெழுத்து 'ந' மட்டும் 'ல' ஆகிவிட்டது.